வலப்புறம் தொடங்கும் கதை

என் மனைவியை விட்டு மொழி நீங்கிய பின்னரே எங்கள் வீட்டுக்குள் மங்கா வந்தது. படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்லும் கலைக்கு யப்பானியர் இட்ட பெயர் அது. அதுவரை அதனைச் சிறுவர் வேடிக்கை என்றே நான் ஒதுக்கியிருந்தேன். சொல்லால் இயலாததைப் படம் என்ன செய்துவிடும் என்ற செருக்கு எனக்கு இருந்தது.

பாரிசவாதம் அவளுடைய வலக்கையையும் பேச்சையும் எழுத்தறிவையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. என் கட்டுரைகளை அச்சேறுமுன் வாசித்து, அடைமொழி மிகுந்த இடங்களிலெல்லாம் கோடிழுத்துத் தந்தவள் அவள். இப்போது அவளிடம் எஞ்சியது, ‘ஆம்’ என்பதற்கு எங்கள் ஊரில் வழங்கும் ‘ஓம்’ என்னும் ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும் ஓம்; பசியில்லையா என்றாலும் ஓம். வல்வெட்டித்துறையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து உதவிய அவளுடைய தங்கை, அக்காவைச் சிரிக்கவைக்க முயன்றாள்.

“கலியாணம் கட்டின நாளிலையிருந்து அத்தான் சொன்னதுக்கு ஒருக்காலும் ஓம் சொல்லாத மனுசி. இப்ப பாருங்கோ, வாய் ஓயாமல் ஓம் தான். குடுத்து வைச்சனியள் அத்தான்!”

மனைவி சிரித்தாள். “ஓம்” என்றாள். மைத்துனி சட்டென்று எழுந்து குசினிக்குள் போனாள். அங்கே அவள் விம்முவது எனக்குக் கேட்டது.

எங்கள் ஒரே மகள் ஒசாக்காவில் முதியோர் இல்லமொன்றில் பணிபுரிகிறாள். யாரோ பெற்ற தாய்மாரைக் குளிப்பாட்டி உணவூட்டுவது அவள் தொழில். அதை விட்டு வந்தால் மீண்டும் கிடைக்காது. வராவிட்டால் தாய் கிடைக்கமாட்டாள். “நீங்கள் முடிவெடுக்க வேண்டாம் அப்பா. அம்மாவைக் கேளுங்கோ. அவ வா எண்டால் வாறன்,” என்று தொலைபேசியில் சொன்னாள். கேட்டேன்.

“பிள்ளையை வரச்சொல்லவோ?”

“ஓம்.”

“வரவேண்டாம் எண்டு சொல்லவோ?”

“ஓம்.”

அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவள் இன்னும் இருக்கிறாளா, இருந்தால் எதை விரும்புகிறாள் என்பதை அறிய எனக்கு வழி தோன்றவில்லை.

விடுமுறையில் ஊர் திரும்பிய தோழி ஒருத்தியிடம் மகள் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாள். “இஞ்சை கதைக்கேலாத ஒரு அம்மா இருக்கிறா. நாள் முழுக்க உப்பிடிப் புத்தகந்தான் பாத்துக்கொண்டிருப்பா. எழுத்தை விடுங்கோ, படத்தைக் காட்டுங்கோ,” என்று அழைப்பில் சொன்னாள்.

தமிழ் நூலைத் திறப்பதுபோலவே திறந்தேன். பரந்த கடலில் ஒரு சிறு கப்பல். அடுத்து அது துறையை அடைகிறது. அங்கே ஒரு தாய் நிற்கிறாள். பின்னர் அவளுடைய வீட்டில் இரண்டு கிண்ணங்கள், எதிரே மகள். தொலைவு சென்ற மகள் திரும்பும் கதை என்று மகிழ்ந்தேன். கடைசிப் பக்கங்களில் அவள் குழந்தையாகித் தாயின் முதுகில் உறங்கியதைப் பழைய நினைவு என்று கொண்டேன். கட்டிலருகே அமர்ந்து மனைவிக்கும் அவ்வாறே காட்டினேன்.

“இஞ்சை பாரும், பிள்ளை வந்திட்டாள்.”

அவள் இடக்கையால் புத்தகத்தை என்னிடமிருந்து பறித்தாள். மடியில் வைத்துக் கவிழ்த்தாள். நான் பின்னட்டை என்று எண்ணியிருந்தது மேலே வந்தது. நூலின் கட்டு வலப்புறம் ஆயிற்று. இயங்கும் ஒரே கையால் இடது ஓரத்தைப் பற்றி அட்டையைத் தூக்கினாள். அது அவளுக்காகவே கட்டப்பட்டதுபோலத் திறந்தது.

யப்பானியக் கதை வலப்புறம் தொடங்கி இடப்புறம் செல்வது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவளும் அறிந்தவளல்லள். ஆனால் அவளுடைய இரு கண்களுக்கும் வலப்பாதி தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தட்டின் வலப்பக்கச் சோறு எப்போதும் அப்படியே கிடக்கும். நம் எழுத்து ஓடும் திசை அவளுக்கு இருள். அந்தப் படங்கள் ஓடும் திசையில் வெளிச்சம் இருந்தது.

அன்றுமுதல் அவள் பக்கம் புரட்ட, நான் அவளருகே இருந்து கற்றேன். மங்காவில் பெரும்பாலும் வண்ணம் இல்லை. கருமையும் வெண்மையும், சாம்பல் நிறத்துக்கு நுண்ணிய புள்ளிகளும்தான். கட்டங்கள் ஒரே அளவின அல்ல. விரைவில் முடியும் செயலுக்குச் சிறு கட்டம். மனம் தங்கும் இடத்துக்கு முழுப்பக்கம். பேச்சு குமிழ்களுக்குள் மேலிருந்து கீழாக நிற்கும். ஓசையைக்கூட எழுத்தாக்கிப் படத்தின்மேலேயே வரைகிறார்கள். நான் மழைத்தாரை என்று கண்டது மழையின் ஓசைக்குரிய எழுத்து என்று மகள் திருத்தினாள். பல பக்கங்களுக்கு எவரும் பேசுவதில்லை. ஆவி பறக்கும் தேநீர்க் கேத்தில், கழற்றிவைத்த செருப்பு, ஒரு கை. தலைவியின் துயரைச் சொல்லாமல் உப்பங்கழியில் தனித்த நாரையைச் சொல்லி நிறுத்தும் நம் அகமரபு எனக்குப் புதிதன்று. எனினும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே விடப்படும் அந்த வெள்ளை இடைவெளியை வாசிக்க நான் எங்கும் பயின்றிருக்கவில்லை. நடந்ததில் பாதி அதற்குள்ளேதான் இருக்கிறது.

முறைப்படி வாசித்தபோது கதை வேறாயிருந்தது. முதுகில் உறங்கிய குழந்தை வளர்கிறாள், இரண்டு கிண்ணங்கள் வைத்து உண்கிறார்கள், துறையில் தாய் நிற்கிறாள், கப்பல் சிறுத்துப்போகிறது. அந்த இடத்தில் என் மனைவி அழுதாள். பாரிசவாத நோயாளர் காரணமின்றியும் அழுவர் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இது அவ்வழுகை அன்று. அவள் உள்ளே இருந்தாள், முழுமையாக இருந்தாள்.

ஆகவே அந்த இறுதி இரு பக்கங்களைத் திறந்துவைத்து மீண்டும் கேட்டேன். வலப்பக்கத்தில், முதுகு காட்டி நிற்கும் தாய். இடப்பக்கத்தில் கப்பல்.

“பிள்ளையை என்ன செய்யச் சொல்லுறீர்?”

அவள் ‘ஓம்’ என்று சொல்லவில்லை. விரலைத் தாயின்மேல் வைத்தாள். அதை மெல்ல இடப்புறம் நகர்த்திக் கப்பலில் நிறுத்தினாள். நெடுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

போகட்டும் என்கிறாள் என்று வாசித்தேன். மாலையில் மகளிடம் சொன்னேன்: “வரவேண்டாமாம். அம்மா தெளிவாய்ச் சொல்லிப்போட்டா.” “அப்ப சரி,” என்றாள் மகள். மாரி தொடங்கும் முன் இரண்டாவது முறை வந்த பாரிசவாதம் என் மனைவியைக் கொண்டுபோயிற்று.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிற்பகல், தாயின் இறுதிக் கிரியைக்கு வந்திருந்த மகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். கொடுத்தேன்.

“எந்த இடத்திலை விரல் வைச்சவ?”

காட்டினேன். தாயிலிருந்து கப்பலுக்கு என் விரலை நகர்த்தியும் காட்டினேன்.

“அம்மாவை விட்டுட்டுப் பிள்ளை போகட்டும் எண்டு விளங்கினியளோ?”

“ஓம். வேறை என்ன?”

“அவ விரலாலை கப்பலைப் பிடிச்சு வைச்சிருந்திருக்கலாமே அப்பா. போகவிடாமல்.”

மைத்துனி கொண்டுவந்த தேநீர் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

“அந்த நேரம் அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது?” என்று மகள் கேட்டாள்.

“தெரியாது பிள்ளை,” என்றேன். “நான் புத்தகத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.”