சீர்த்தட்டில் சிறிய தள்ளுவண்டி

ஆவணி பத்தாம் நாளாகிய இன்று, என் மனைவியின் தம்பியோடு தருமபுரிக் கடைக்குச் சென்றேன். வரும் ஞாயிறன்று பேத்திக்குக் காதுகுத்து. சீரில் வைக்க ஒரு குழந்தைத் தள்ளுவண்டி வேண்டும்.

என் மகள் பெங்களூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். அங்கே லிஃப்ட் இல்லை. மருமகன் வேலைக்குப் போனபின் குழந்தையையும் வண்டியையும் அவளேதான் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும்.

மைத்துனரோ கூரையும் பெரிய சக்கரங்களும் கொண்ட ஒரு தேரைப் பிடித்துக்கொண்டார்.

“இதுதான் மாமா சபையில எடுப்பா இருக்கும். சின்னத வெச்சா சம்பந்தி வூட்டுக்காரங்க சிரிப்பாங்க.”

கையிலிருந்த அரிசிப் பையை அவரிடம் நீட்டினேன். “இதப் பாப்பான்னு நெனச்சு இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒரு கையில வண்டிய மடக்குங்க மாப்ள, பாக்கலாம்.”

இழுத்தார். முழங்காலால் அழுத்தினார். கடைசியில் பையைத் தரையில் வைத்துவிட்டு இரு கைகளாலும் மடக்கினார்.

“பாப்பாவ நடுரோட்டுல எறக்கி வுட்டுட்டீங்களேங்க!” என்றார் கடைக்காரப் பெண்மணி.

தோளில் மாட்டிக்கொள்ளும்படி வார் வைத்த சிறிய வண்டியையே வாங்கினேன். அதை நானே ஒரு கையால் மடக்கிப் பார்த்தேன்.

“என் மானமே போச்சு மாமா” என்று பேருந்து நிலையம்வரை புலம்பினார் மைத்துனர்.

போகட்டும். ஞாயிறன்று பழத்தட்டுக்கும் பட்டுக்கும் நடுவே அதை நானே வைப்பேன். “இவ்ளோதானா?” என்று எவரும் தாராளமாகக் கேட்கலாம். கேட்பவர் பெரிய வண்டியைத் தாமே வாங்கி, திங்கள் முதல் பெங்களூரில் தங்கி, அதை மாடிக்குத் தூக்கித் தரவேண்டும்.

விருப்பமுள்ளோர் கீழே பெயரைப் பதிவிடுக.