பார்த்தேன், சரியாக உள்ளது

வேலை நடக்கும் இடத்தில் இருப்பது மட்டுமே ஒருவருடைய வேலையாக இருக்க முடியுமா? பதினேழு ஆண்டுகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்மூலையில் உட்கார்ந்திருந்த மனிதரை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. காவல்காரரும் சும்மா இருப்பவர்தான். ஆனால் அவர் இல்லாவிட்டால் திருடன் வருவான் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இவர் இல்லாவிட்டால் வரக்கூடியவர் ஆய்வாளர் ஒருவர்தான்.

சட்டம் எளிமையானது. கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேர்ந்து, ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டி, முகத்தில் பொருத்திக் கொடுக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரும் அதைச் செய்யலாம். அப்போது லைசென்ஸ் உள்ளவர் அதே கூரையின் கீழ் இருக்க வேண்டும். முடிந்த ஒவ்வொரு கண்ணாடியையும் அவர் சோதித்து, வேலைச் சீட்டில் ‘பார்த்தேன், சரியாக உள்ளது’ என்று அச்சிட்ட வரியின் கீழ் கையெழுத்துப் போட வேண்டும்.

அவரிடம் லைசென்ஸ் இருந்தது. இரண்டு வருடப் படிப்பை முதல் மதிப்பெண்ணில் முடித்தவர். புத்தகத்தில் இருந்ததெல்லாம் தலைக்கு ஏறியது. கைக்கு மட்டும் இறங்கவில்லை. அவர் வளைத்துக் கொடுத்த ஃபிரேம் மூக்கில் வழுக்கும், இல்லாவிட்டால் காதின் பின்புறத்தைப் புண்ணாக்கும். கடை அவருடைய தங்கையின் கணவருக்குச் சொந்தம். கடையில் வேலைச் சீட்டு எழுதுவதற்காக வந்த தங்கை, அண்ணன் திணறுவதை ஒரு வருடம் பார்த்தாள். ஒரு நாள், “அண்ணே, அதை இப்படிக் குடு” என்று கை நீட்டினாள். கண்ணாடியின் காதில் மாட்டும் காலைச் சூடாக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, வந்தவர் முகத்தில் வைத்தாள். அந்த ஆள் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தத் தொழிலில் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் உயர்ந்த பாராட்டு. அன்றிலிருந்து வேலை அவளுடையது.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் இதைத் தன் பாணியில் சொல்வார். “கடை மாப்பிள்ளையோடது, கை தங்கச்சியோடது, காகிதம் அண்ணனோடது. மூணையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு கிடைப்பான்.” அண்ணனைத் தேடி வந்தால், “லைசென்ஸ் உள்ளே இருக்கா?” என்றுதான் கேட்பார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

முதல் இரண்டு ஆண்டுகள் லைசென்ஸ் ஒவ்வொரு கண்ணாடியையும் சோதித்தார். லென்ஸின் அளவு காட்டும் சிறு கருவியில் வைத்து, சக்கரத்தைத் திருப்பி, சீட்டோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு நாளைக்கு இருபது தடவை ‘நீ சரி’ என்று மட்டும் சொல்வது யாரையும் சலிக்க வைக்கும். முதலில் இரண்டில் ஒன்றைப் பார்த்தார். பிறகு, கடினமான எண்கள் உள்ளதை மட்டும் பார்த்தார். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கருவிக்கு உறை போட்டாயிற்று. சாயங்காலம் தங்கை சீட்டுக் கட்டை நீட்டுவாள். அவர் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்.

அவருடைய நாற்காலியிலிருந்து பதினான்கு கண்ணாடிகள் தெரியும். வாங்க வருபவர்கள் முகம் பார்ப்பதற்காக வெவ்வேறு உயரத்தில் மாட்டியவை. ஒன்றில் அவருடைய வலது காது, இன்னொன்றில் பின்மண்டையின் வழுக்கை, ஷட்டரோரம் சாய்ந்திருந்ததில் முழங்கால் மட்டும். முழு ஆளாக அவர் எதிலும் தெரியவில்லை.

ஒரு தடவை தபால் நிலையம் வரை போனார். இருபது நிமிடம்தான். அதற்குள் ஆய்வாளர் வந்து போயிருந்தார். மறுவாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு கடைக்கு வந்தது. முடிவெட்டுபவரும் கடைக்கே வந்தார். கட்டடத்தின் பின்னால் உள்ள பொதுக் கழிப்பறை ‘அதே கூரை’யில் சேருமா என்று மாப்பிள்ளை, லைசென்ஸ் கொடுக்கும் பதிவுக் குழுவுக்கு எழுதிக் கேட்டார். கடையின் மணிச் சத்தம் கேட்குமானால் சேரும் என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாப்பிள்ளை அன்றே பெரிய மணியாக வாங்கி மாட்டினார்.

மனைவியின் அக்கா ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில் இருந்தாள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையில் போய்த் திரும்ப முடியாது. மனைவி தனியாகப் போய் வருவாள். “உங்களைக் கட்டினதுக்கு அந்த நாற்காலியைக் கட்டியிருக்கலாம். அதையாவது ரயில்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன்” என்பாள்.

அவர் விலகியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். ஒரு முறை வேறு ஊரில் கல்லூரி வேலை ஒன்று தேடி வந்தது, கற்றுக்கொடுக்கும் வேலை. கை தேவையில்லை, தலை போதும். மாப்பிள்ளையிடம் சொன்னார்.

“தாராளமாப் போங்க மச்சான். யாரு தடுத்தா? போறப்ப ஷட்டரை மட்டும் இழுத்து விட்டுட்டுப் போங்க.”

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் வெளியே காலெடுத்து வைத்தால், உள்ளே தங்கையின் பிழைப்பு நிற்கும். பூட்டிய கதவை உடைக்கலாம். திறந்த கதவை என்ன செய்வது?

பிறகு புதிய விதி வந்தது. படிக்காதவராக இருந்தாலும், லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து, ஒவ்வொன்றும் கையெழுத்தோடு பதிவேட்டில் இருந்தால் தேர்வு எழுதலாம். தங்கை அன்றே நீல அட்டை போட்ட பெரிய நோட்டு வாங்கினாள். செய்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அண்ணனின் கையெழுத்து.

“அவ லைசென்ஸ் வாங்கிட்டா நீங்க எங்க வேணா போகலாம் மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

“எங்க போறது?” என்று அவர் சிரித்தார்.

இரண்டு ஆண்டு ஒன்பது மாதம் முடிந்திருந்தபோது ஒரு பஸ் டிரைவர் வந்தார். புதுக் கண்ணாடி வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

“ரோடு ஒரு பக்கமாச் சரியுதும்மா. படியிறங்கினா தரை எனக்கு முன்னாடி இறங்கிப் போகுது. கண்டக்டர் கேக்கறாரு, ‘என்னண்ணே, காலையிலேயேவா?’ன்னு.”

“பழகிடும். புது நம்பர்னா அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, தங்கை மூக்குப் பட்டையைச் சரிசெய்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து, பணிமனையில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிரைவர் சுவரில் உரசினார். யாருக்கும் அடியில்லை. மேலதிகாரி அவரைக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடியைக் கருவியில் வைத்த உடனே தெரிந்துவிட்டது. வலக்கண் லென்ஸ் இடப்பக்கத்திலும் இடக்கண் லென்ஸ் வலப்பக்கத்திலும் இருந்தன. சீட்டில் ‘பார்த்தேன், சரியாக உள்ளது’ என்ற வரியின் கீழ் சுத்தமான கையெழுத்து இருந்தது.

பதிவுக் குழு விசாரணைக்கு அழைத்தது. ஆறு வாரத் தவணை.

மாப்பிள்ளை குழுவின் அலுவலகத்தில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டு வந்தார். மூவரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

“பெரிய விஷயமே இல்ல மச்சான். ‘பாத்தேன், கவனம் தவறிப்போச்சு’ன்னு சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை, ஒரு வார வகுப்பு, அவ்வளவுதான். பாக்கவே இல்லைன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க. அப்புறம் எதைப் பாத்தீங்க, எதைப் பாக்கலைன்னு நோண்டுவாங்க. உங்க கையெழுத்து செல்லாதுன்னா இவ நோட்டு மொத்தமும் பழைய பேப்பர்.”

“அண்ணே, இன்னும் ரெண்டே மாசம்” என்றாள் தங்கை.

“தெரியும்மா.”

“மாத்தி வச்சது நான்தான். அன்னைக்குத் தலைவலி.”

“அதுவும் தெரியும்.”

மறுநாள் காலை அவர் கருவியின் உறையைக் கழற்றினார். முடிந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. பழைய சீட்டுகளை எடுத்து, வாங்கியவர்களுக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார். “கண்ணாடியைக் கொஞ்சம் கொண்டுவந்து காட்டிட்டுப் போங்க. ஒரு நிமிஷம்தான்.” இலவசமாகத் துடைத்துத் தருகிறார்கள் என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். ஒருவர் வீட்டில் இருந்த ஐந்து கண்ணாடிகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதில் மூன்று வேறு கடையில் வாங்கியவை. அவற்றையும் சோதித்துக் கொடுத்தார். ஆறு வாரத்தில் அந்தக் கடையில் செய்த கண்ணாடிகள் அறுபத்து மூன்று திரும்பி வந்தன. அறுபத்து மூன்றும் சரியாக இருந்தன.

கடைசிக் கண்ணாடியை அவர் கருவியிலிருந்து எடுத்தபோது தங்கை கேட்டாள். “என்னண்ணே, ஒண்ணுகூட தப்பு கிடைக்கலையேன்னு வருத்தமா?”

“நீ தப்பே பண்ணலை.”

“அதை இப்பத்தான் பாக்கறியா?”

அவர் சீட்டை மடித்து வைத்தார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, மூன்று உறுப்பினர்கள், கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி. தலைவியும் கண்ணாடித் தொழிலில் இருந்தவர்தான். அவர் குனிந்து எழுதும்போதெல்லாம் கண்ணாடி மூக்கின் நுனி வரை இறங்கிவிடும். விரலால் தள்ளி ஏற்றுவார். பின் வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அதை வாங்கி ஒரு வளை வளைத்துக் கொடுத்துவிட வேண்டும்போல அவளுக்குக் கை அரித்தது என்று பிறகு சொன்னாள். அவள் மடியில் நீல நோட்டு இருந்தது.

தலைவி கெட்டவர் அல்ல. பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தார். “இந்தக் கண்ணாடியைப் பாக்கும்போது கவனம் தவறிடுச்சு. அப்படித்தானேங்க?”

“இல்லைங்க. பாக்கலை.”

தலைவி அதை எழுதவில்லை. பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். “இந்த ஒண்ணை மட்டும். வேலை அதிகம் இருந்த நாளா இருக்கும்.”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அறையில் எல்லோரும் அவரை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ‘ஆமாம்’ என்று சொன்னால் போதும். தலையை அசைத்திருந்தால்கூடப் போதும்.

“எதையும் பாக்கலைங்க. பதினாலு வருஷமா” என்றார்.

அழைத்துச் சோதித்த அறுபத்து மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் தங்கைக்கு ஏதோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம்.

லைசென்ஸ் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். நீல நோட்டு செல்லாது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கடை மூடியது. தங்கை இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பெரிய கடையில் சேர்ந்து, வேறொரு நோட்டில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அங்கே மேற்பார்வையிடும் பெண், ஒவ்வொரு கண்ணாடியையும் இரண்டு தடவை சோதிப்பவள்.

காரணம் சொல்ல ஆட்கள் குறைவில்லை. “பொறாமை. அவ கைமேல அவருக்கு எப்பவுமே ஒரு கண்ணு” என்றார் மாப்பிள்ளை. “உக்காந்து உக்காந்து நாற்காலி குத்தியிருக்கும். எழுந்திரிக்க வேற வழி தெரியலை” என்றார் செருப்புக்கடைக்காரர். “எனக்காகத்தான் பண்ணினேன்னு சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும். சொல்லலையே” என்றாள் மனைவி.

உண்மை பேசினார் என்று பாராட்டலாம். ஆனால் பதினான்கு ஆண்டுகள் பையில் வைத்திருந்த உண்மை அது. வெளியே எடுத்தது, தங்கைக்குச் சில வாரங்களே மிச்சமிருந்தபோது. பொய் சொல்லியிருந்தால் நஷ்டம் யாருக்கும் இல்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. அந்த நோட்டை நம்பி ஒரு லைசென்ஸ் கொடுக்கப்பட்டிருக்கும். அதைப் பெறுபவள் அதற்கு எல்லா வகையிலும் தகுதியானவள் என்பதுதான் கணக்கைக் குழப்புகிறது.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளை யாருக்கும் காத்திருக்காமல் நடந்தார். அண்ணனும் தங்கையும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். நல்ல வெயில். வேலை நாளில் அந்த நேரத்துத் தெருவை அவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

“ஏண்ணே?” என்றாள் தங்கை.

“நம்ம பஸ் வருது” என்றார். அவள் ஏறினாள். அவர் ஏறவில்லை. கையை அசைத்துப் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, வீடு இருக்கும் திசைக்கு எதிராக நடந்து போனார்.