அருளப்பு அத்தான் உயர்த்திய கார்

இதைச் செல்வியும் றெஜினாவும் மட்டும் வாசிக்க வேண்டும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்து முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஐயாவின் கண்ணில் பட்டால் என் படிப்பு அன்றோடு நின்றுவிடும். முல்லைத்தீவில் அருளப்பு அத்தானுக்குப் பூசை வைக்கும் நாளில், அவரைத் தெரிந்தவர்கள் கூடி அவரைப் பற்றிப் பேசுவார்களாம். அங்கே போக எனக்கு வழியில்லை. அங்கே எழுந்து நின்று நான் சொல்லியிருக்கக் கூடியதை, அவருடைய காரில் ஏறிய உங்கள் இருவருக்கும் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்கைச் சேலைத் துண்டால் மறைத்து வைத்திருக்கிறேன்.

செய்தி மீன்காரரோடு வந்தது. அவர் படலையடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே நின்றார். அம்மா சுளகோடு போனார்.

"அக்கா, மனதைத் திடப்படுத்திக் கொள்ளுங்கோ. உங்கடை மருமகன் போயிட்டான். நெருப்புக்காய்ச்சலாம்."

அம்மா படலையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. "மீனை வாங்கு. கதையை வாங்காதை" என்றார். அன்று வாங்கிய மீனை வீட்டில் ஒருவரும் தின்னவில்லை. ஐயாவும் தின்னவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குளத்துக்குக் கீழ் காணி கிடைத்து வந்த சைவக் குடும்பம். அத்தான் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கும் வேதக்கார வீட்டுப் பிள்ளை. கடலை விட்டு மாங்குளச் சந்தியில் கராஜ் போட்டவர். பூமணி அக்கா அவரோடு கலியாணப் பதிவு எழுதிய நாளிலிருந்து ஐயாவின் வாயில் அவருக்குப் பெயர் இல்லை. 'அந்தக் கார்க்காரன்' மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கராஜுக்குப் பின்னால் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடுவதும், நீங்கள் இருவரும் காவலுக்கு வருவது போல் வந்து காரில் ஏறுவதும் நம் மூவரோடும் இருக்கட்டும்.

அந்தச் சிவப்புக் கார் ஒரு தோட்டத்துரை றோட்டோரம் கைவிட்டுப் போனது. இரண்டு பேருக்கு இருக்கை, மடிக்கிற கூரை. அத்தான் அதை ஓட வைத்தார். ஓடியது போதாதென்று அதை நிலத்தோடு ஒட்டப் பதித்தார். முன் சில்லுகளின் சுருள் ஸ்பிறிங்கில் ஒரு வளையத்தை அறுத்தெடுத்தார். பின்பக்கத்து வில்லுத் தகடுகளைக் கொல்லரிடம் கொடுத்து வளைவை நிமிர்த்தினார். கார் நாலு விரல் கீழே இறங்கியது. ஆனையிறவுப் பக்கம், யாழ்ப்பாணத்துக் கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஒருவரின் மகனோடு போட்டிக்கு ஓடிப் பார்த்தபோது, வளைவுகளில் மற்றக் கார் சரிய, இது சரியாமல் போனதாம். திரும்பி வந்தவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"கார் எண்டால் றோட்டைக் கட்டிப்பிடிச்சு ஓடவேணும்" என்றார்.

"உங்கடை கார் கட்டிப்பிடிக்கேல்லை, கடிக்குது" என்றார் அக்கா, இடுப்பைப் பிடித்தபடி.

அது உண்மை. கிரவல் றோட்டில் ஒரு கல்லில் ஏறினாலும் முதுகெலும்பின் அடிவரை தெரியும். செல்வி, நீ நாக்கைக் கடித்து இரத்தம் துப்பியது நினைவிருக்கிறதா? "உன்ரை அத்தான்ரை காரில ஏற முதல் நாக்கை வீட்டில வைச்சிட்டு வரவேணும்" என்று நீ சொன்னதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாவி விழுந்தது. பதித்தால் ஏன் இப்படிக் குத்துகிறது என்று நான் கேட்டேன். உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துப் பிடித்து, மெல்லக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார்.

"ஸ்பிறிங்குக்கு மடங்க இடம் வேணும் பிள்ளை. நான் அந்த இடத்தைக் களவெடுத்திட்டன். அறுத்தபடியால் விறைப்பும் கூடிப்போச்சு. அது கொஞ்சம் மடங்கினவுடனை றப்பர் கட்டையில போய் மோதுது. மிச்சத்தை உன்ரை முதுகு மடங்கித் தாங்குது."

அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அக்காதான். வயல் செய்யும் கமக்காரனின் மகள் அல்லவா. வெறும் வண்டில் குலுக்கும், பாரம் ஏற்றினால் பேசாமல் போகும், ஐயாவின் மாட்டுவண்டிலில் தான் பார்த்தது என்று சொல்லி, இருக்கைகளுக்குப் பின்னால் நெல் மூட்டைகளை ஏற்றுவித்தார். நீங்கள் இருவரும் மூட்டைக்கு மேல். நான் அக்காவின் மடியில். கார் புறப்பட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பூமணி, கராஜை உன்ரை பேரில எழுதித் தாறன்" என்று அத்தான் கத்தினார்.

மதகைத் தாண்டியதும் றோட்டில் ஒரு பள்ளம். ஸ்பிறிங் மடங்க மிச்சமிருந்த இடத்தையும் மூட்டைகள் தின்றுவிட்டிருந்தன. கார் வயிறு அடித்து விழுந்த சத்தத்தில் வயலுக்குள் நின்ற கொக்குகள் எழும்பின. புகைக்குழாய் கழன்று பின்னால் கிடந்தது. ஒரு மூட்டை தையல் விட்டு, றெஜினா நெல்லுக்குள் புதைந்து இருந்தாள். அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தபோது, அத்தான் றோட்டிலேயே குந்தியிருந்து சொன்னார்: "வண்டிலுக்கு ஸ்பிறிங்கே இல்லையப்பா. அதுக்கு முட்டி மோத என்ன கிடக்கு? எனக்கும் இப்பதானே விளங்குது." குழாய் இல்லாத கார் அலறிக்கொண்டு சந்திக்குத் திரும்பியது. அந்தச் சத்தம் எங்கள் வயல்வரை கேட்டிருக்கிறது. "ஆரின்ரையோ டிராக்டர் சாகக்கிடக்குது" என்று ஐயா அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னார். நான் தண்ணீர் குடிப்பது போல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் பிள்ளை தங்கியிருப்பது தெரிந்த பிறகு அந்தக் காரைப் பற்றி அவர் ஒரு முறையீடும் சொல்லவில்லை. தலையணையை வைத்துக்கொண்டு பேசாமல் ஏறுவார். அத்தானுக்கு அந்தப் பேசாமைதான் பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, அக்கா இருக்கும் இருக்கையில் துணி சுற்றி நிறுத்தி, தனியாக ரயில்வே கடவைவரை ஓட்டிப் போனார். திரும்பி வந்து செம்பைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. இருக்கை முழுதும் ஈரம். அன்றே காரைக் கட்டைகளில் ஏற்றிச் சில்லுகளைக் கழற்றினார்.

அறுத்த ஸ்பிறிங்கை ஒட்ட முடியாது. அதற்காக யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடைகளில் எத்தனை தரம் அலைந்தாரோ, கடைசியில் உடைந்த வான் ஒன்றிலிருந்து மெல்லிய, நீளமான சுருள்கள் கொண்டு வந்தார். பின் தகடுகளுக்குக் கொல்லர் மறுபடி வளைவு கொடுத்தார். கார் முன்பிருந்ததை விடவும் உயரமாக, தண்ணீரில் இறங்கப் பயந்த மாதிரி நின்றது. அப்புக்காத்தின் மகன் வந்து பார்த்துவிட்டுக் கை தட்டிச் சிரித்தார்.

"என்ன அருளப்பு, காருக்குச் சாரத்தை மடிச்சுக் கட்டியிருக்கிறாய்? இனி வளைவில படுத்திடும் இது."

"படுக்கட்டும். நான் மெல்லத் திருப்புவன். சத்தம் போடாதையும் ஐசே, உள்ளுக்கை ஒராள் நித்திரை."

அக்கா அந்தப் பேச்சைக் கேட்டு வெட்கத்தில் அடுப்படிக் குசினிக்குள் போனதை நான் பார்த்தேன்.

நீங்கள் அறியாத ஒன்றையும் எழுதுகிறேன். ஐயாவின் காலில் மண்வெட்டி விழுந்த நாளில் அயல்காணிக்காரர் சந்திக்கு ஓடியபோது, அங்கே ஓடக்கூடியதாக நின்றது அந்தக் கார் ஒன்றுதான். ஐயா வலியில் பல்லைக் கடித்தபடி அதில் ஏறினார். அத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கட்டுப் போட்ட காலோடு வந்த ஐயா கட்டிலில் சாய்ந்து அம்மாவிடம் சொன்னார்:

"கொண்டுவந்து விட்டவன்ரை கதை எடுக்காதை. ஆனால் றோட்டுப் போட்டிட்டாங்கள் போல கிடக்கு. ஒரு குலுக்கமும் இல்லை."

றோட்டில் ஒருவரும் ஒரு கூடை மண் போடவில்லை. அடுத்த நாள் நான் இதைப் போய்ச் சொன்னபோது அத்தானின் முகம் சிவந்துவிட்டது. "மாமா நித்திரை கொண்டவர் பிள்ளை" என்றார். "மதகடியில குறட்டை கேட்டது." அவர் ஐயாவை 'மாமா' என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. தாய் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவோடு முல்லைத்தீவுக்குத் தானே காரை ஓட்டிப் போனவர் திரும்பவில்லை. இங்கே சந்தியில் வேறு விதமாகக் கதைக்கிறார்கள். ஸ்பிறிங்கை அறுத்தபடியால் கார் புரண்டு செத்துப்போனாராம். ஐயாவுக்கு உண்மை தெரியும். அவர் அதைத் திருத்தவில்லை. நீங்களாவது திருத்துங்கள். அவர் அறுத்தார்தான். அறுத்ததை, ஏறுகிற ஆளைப் பார்த்து மாற்றியும் வைத்தார்.

இப்போது அக்கா அங்கே நிறைமாதத்தில் இருக்கிறார். தலைப்பிள்ளையை அம்மாவிடம் வந்து பெறவேண்டும் என்று மீன்காரரிடம் சொல்லி அனுப்பினார். அம்மா ஐயாவின் காலைப் பிடித்து அழுதார். "அவன்ரை காரில போனவள் அங்கையே இருக்கட்டும்" என்று ஐயா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு இந்த வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அத்தான் இல்லாத இடத்தில், அம்மாவும் இல்லாமல், அக்கா எப்படிப் பெறப்போகிறார்?

அத்தானிடமிருந்து என்னிடம் ஒரு பொருளும் இல்லை. ஒரு பழக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது. பள்ளம் வருமுன் அவருடைய இடது கை தானாக நீண்டு அக்காவின் முன்னால் நிற்கும். பள்ளம் போனபின் ஒன்றும் நடக்காதது போல் திரும்பும். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த என் தம்பிக்கு முன்னால் என் கை அப்படி நீண்டு நின்றது. "என்னடி செய்யிறாய்?" என்று அவன் தட்டிவிட்டான். நான் கையை எடுக்கவில்லை. இனி எவர் என் பக்கத்தில் இருந்தாலும்

கதவு தட்டப்படுகிறது. ஐயா.

"பிள்ளை, விளக்குத் தெரியுது. பயப்பிடாதை. அந்தக் காரில உன்ரை அக்காவைக் கூட்டியந்தால் குலுக்காதோ? சொல்லு. நீ அதில ஏறினனீதானே."