வெளுக்காமல் நின்ற வட்டம்

செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரேடியாலஜிஸ்டாக இருந்தபோது, ரெஹானாவுக்கு 'கிட்னி நார்மல்' என்று ரிப்போர்ட் எழுதினேன். புதுப்பட்டினத்துப் பெண். இருபத்து நாலு வயதிலேயே பிரஷர் நூற்றெண்பது. கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். குழாய்கள் நன்றாகவே இருந்தன.

எட்டு மாதம் கழித்துக் கணவர் யூசுஃபோடு மறுபடி வந்தாள். மாத்திரை மூன்றாகியிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் மிக அதிகம்.

"தல வலிக்குதுன்னா வூட்ல யாரும் நம்பமாட்றாங்க டாக்டர். ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லியே, சும்மா நடிக்கிறேன்றாங்க."

நான் எழுதிய ரிப்போர்ட்தான் அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தது.

டெக்னீஷியனிடம், "ஆர்ட்டீரியல் ஃபேஸோட நிறுத்தாதீங்க. ரெண்டு நிமிஷம் விட்டு இன்னொரு ரவுண்டு எடுங்க" என்றேன். போன தடவை ரத்தக்குழாய்கள் பளிச்சிடும் அந்த முதல் ரவுண்டோடு நிறுத்தியிருந்தோம்.

எங்கள் ரிப்போர்ட் அறையில் பகலிலும் இருட்டுதான். தனியாக உட்கார்ந்து படங்களை நகர்த்தினேன். காண்ட்ராஸ்ட் மருந்து ஏறுமுன் கிட்னி முழுக்க ஒரே சாம்பல். ஏறியதும் ஓரம் மட்டும் பளிச்சிட்டது. கடைசி ரவுண்டில், மூடுபனி விலகும் கடல்போல முழுக் கிட்னியும் மெல்ல மெல்ல வெளுத்தது. இடது கிட்னியின் மேல்பகுதியில், ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஒரு சின்ன வட்டம் மட்டும் வெளுக்காமல் நின்றது. ஒன்றரை சென்டிமீட்டர். கொழுப்பும் இல்லை, நீர்க்கட்டியும் இல்லை. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ, ஏசி சத்தம்கூடக் காதில் விழவில்லை.

ரெனினைத் தானே சுரக்கும் கட்டியாக இருக்கலாம். மிக அரிது, அநேகமாகக் கெடுதல் செய்யாத வகை. அதுவரை புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். பழைய படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது, கிட்னியின் உட்பகுதி நிழலோடு கலந்து.

இருவரையும் உள்ளே கூப்பிட்டேன்.

"போன தடவ நான் கவனிக்காம விட்டுட்டேம்மா. உன் தலைவலி நிஜம்."

யூசுஃப் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா டாக்டர், அப்போ இவ சொன்னதெல்லாம்…" என்று ரெஹானா பக்கம் திரும்பினார்.

ரெஹானா அழவில்லை. "அத எழுதிக் குடுங்க டாக்டர். தமிழ்ல."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டியை மட்டும் எடுத்தார்கள். பயாப்ஸியும் நான் நினைத்ததையே சொன்னது. சில நாளில் பிரஷர் நூற்றிருபதுக்கு வந்தது. மூன்று மாத்திரையும் நின்றன. "காலைல எந்திரிச்சா தல லேசா கீது டாக்டர். இன்னாவோ வேற யாரோட தலயோன்னு தோணுது" என்று போனில் சிரித்தாள்.

அதன்பிறகு நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் எல்லாம் கடைசியாக ஒரு வரி இருக்கும்: இந்தப் படத்தில் எதைப் பார்க்க முடியாது என்று.