ஸ்டெபிலைசர் விழுகிற சத்தம்

பிரெஞ்சு நகரமான லியோனுக்கு வந்து ஏழு வருடமாகிறது; என் வீட்டில் ஒரு தடவைகூடக் கரண்ட் போனதில்லை. ஆனாலும் கம்ப்யூட்டரில் இசையமைக்க உட்கார்ந்தால், நாலு சுரம் போட்டதும் கை தானாக 'சேவ்' பட்டனுக்கு ஓடிவிடுகிறது. என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் லோரான் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "உன் கம்ப்யூட்டர் பழுதா?" என்று கேட்டான். "இல்லை, நான் செலியமேடு" என்றேன். என் ஊர்ப் பெயரைக் கேட்டு, அது என்ன வியாதி என்பதுபோல் பார்த்தான்.

இசையமைப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இலவசமாக இறக்கிய மென்பொருள், பழைய சாமான் சந்தையில் வாங்கிய முழ நீளக் கீபோர்டு, ஒரு ஹெட்போன். இதுதான் ஸ்டூடியோ. ஊரில் என் தங்கை சுகந்திக்குக் கல்யாணம். எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், மறைப்பானேன். அவள் அழவில்லை. "வராட்டி போ. நம்ம வீடியோ கேம்ல கோட்டையப் புடிச்சா ஒரு மியூசிக் வருமே, அத்தச் செஞ்சி அனுப்பு. நான் மேடை ஏறும்போது அதான் போடணும்" என்றாள். அந்தக் கோட்டையை நான் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து வயிறு எரிந்தே அந்த இசையை மனப்பாடம் செய்திருந்தேன்.

லோரான் பழைய வீடியோ கேம் சேர்ப்பவன். நான் செய்ததைக் கேட்டுவிட்டு, "தப்பு. உன் சத்தத்துக்கு மூக்கடைத்திருக்கிறது" என்று தன் அசல் மெஷினைப் போட்டுக் காட்டினான். கண்ணாடி மாதிரி சுத்தம். அசலே சொன்னபிறகு நான் யார்? மென்பொருளில் ஒலி அலையின் அகலத்தை மாற்றி, அப்படியே ஆக்கி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சுகந்தி கூப்பிட்டாள்.

"இன்னாணா இது? சோப்பு போட்டுக் கழுவுன மாதிரி இருக்குது. இது நம்மளுது இல்ல."

"இதுதாண்டி ஒரிஜினல்."

"ஒரிஜினல் யாருக்கு வேணும்? நடுவுல ஸ்டெபிலைசர் டக்குனு விழுமே, அது எங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் இருந்தது அப்பா பாகூரில் வாங்கிய டூப்ளிகேட் மெஷின். அதற்குப் பிறவியிலேயே சளி. பக்கத்துக் கரும்புக்கு மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும். டிவிக்குக் கீழே ஸ்டெபிலைசர் 'டக்' என்று விழும். படம் சுருங்கி விரியும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பல்பைப் பார்ப்போம். கரண்ட் போனால் கோட்டையும் போச்சு.

மூக்கடைப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். 'டக்'குக்காக, காஸ் லைட்டரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து அமுக்கிப் பதிவு செய்தேன். லோரான் கேட்டுவிட்டு எனக்காக மனதார வருத்தப்பட்டான்.

வரவேற்பு பாகூர் மண்டபத்தில் சாயங்காலம். எனக்கு ஞாயிறு மதியம். மழைமூட்டத்துக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்தேன். சுகந்தி படிக்கட்டருகே வந்தாள். இசை கிளம்பியது. முதல் படியில் கால் வைக்கும்போது 'டக்'.

"கரண்டு பூடுச்சுடா! ஜெனரேட்டரப் போடுங்கடா!" என்று மாமா கத்தினார். முன்வரிசைச் சொந்தம் மொத்தமும் அண்ணாந்து, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்ததாம். பிறகு சொன்னார்கள்.

நான் பார்க்கவில்லை. அந்த 'டக்'கை வைத்தவனே நான்தான். எந்த நொடியில் விழும் என்பதும் தெரியும். இருந்தும் அண்ணாந்துவிட்டேன். லியோன் விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. தலையைத் தாழ்த்திப் போனைப் பார்ப்பதற்குள் அவள் மேடை ஏறிவிட்டாள்.