படகில் கொடுத்த ஞானஸ்நானம்

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான். அதுதான் கணவரின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

நெடுந்தீவில் எங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்த கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கனடாவிலிருந்து அந்த அக்கா, என் மச்சாள், வரட்டும் என்றார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் அவர்தானாம். முதலில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. பிறவியோடு வரும் சென்மப் பாவம் ஞானஸ்நானத்தில் கழுவப்பட விமான டிக்கெட் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படிக் காத்திருந்தபோதுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வலிப்புக் கண்டது. ஊர் ஆஸ்பத்திரியில் உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். படகில் போகும்போது நடுக்கடலில் அவள் உதடு நீலம் பாரித்தது. கணவர் படகோட்டியிடம் வேகமாக விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். சாகும் ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று படித்திருந்தேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அதற்குரிய வார்த்தைகளைச் சொல்லி அவள் தலையில் ஊற்றினேன். செத்தாலும் கடவுளின் பிள்ளையாகச் சாகட்டும் என்று நினைத்தேன். ஒரு தாய் அப்படி நினைக்கவேண்டி வந்ததே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். மச்சாளும் ஒருவழியாக வந்து சேர்ந்தார், சரிகை வைத்த வெள்ளைச் சட்டையோடும் வீடியோக்காரரோடும். பங்குச் சுவாமியார்தான் தலையிடியைக் கொடுத்தார். எண்ணெய் பூசலாம், வெள்ளைச் சட்டை போடலாம், மெழுகுதிரி கொளுத்தலாம், தண்ணீர் மட்டும் ஊற்ற முடியாது என்றார். ஞானஸ்நானம் ஆன்மாவில் பதிகிற முத்திரை, ஒருதரம் பதிந்தால் பதிந்ததுதான். தாய் அந்த வார்த்தைகளைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தாரோ என்று சந்தேகம் இருந்தால் மாத்திரம் திரும்ப ஊற்றலாம்.

அந்தக் கடைசி வசனத்தை மச்சாள் பிடித்துக்கொண்டார்.

"பதட்டத்தில என்ன சொன்னனெண்டு தெரியேல்லை எண்டு சுவாமியிட்டச் சொல்லும். வீடியோவில தண்ணி ஊத்தாமல் என்ன ஞானஸ்நானம்?"

"என்ன சொன்னனெண்டு எனக்குத் தெரியும், மச்சாள்."

கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா எவ்வளவு செலவழிச்சு வந்தவ. ஒரு சொல்லுத்தானே. சொன்னால் என்ன குறைஞ்சிடும்?"

என்ன குறையும் என்று இவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பிள்ளை சாகக் கிடந்தபோது நான் செய்த ஒரே காரியத்தைச் செய்யவே இல்லை என்று நானே சொல்லவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சுவாமியாரின் வீட்டில் மூவரும் கதிரைகளில் இருந்தோம். மச்சாள் முந்திக்கொண்டார்.

"சுவாமி, இவவுக்கு ஒண்டும் வடிவா ஞாபகம் இல்லையாம்."

சுவாமியார் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும், பிள்ளை. படகில என்ன சொன்னனீர்?"

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

"நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே."

"ஆமென்," என்றார் மச்சாள், பழக்கதோஷத்தில்.