சாவி கொடுத்த பிறகு

என் வீட்டில் ஐந்து கதவுகள் இருந்தன. ஐந்தும் ஐந்து இடத்திலிருந்து வந்தவை. ஒன்றைக்கூட நான் கடையில் வாங்கவில்லை. மலேசியாவில், இந்தக் கிள்ளான் ஊரில், இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

என் பெயர் லியனார்ட். வயது எழுபத்து நான்கு. டெங்கில் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அதனால் இதில் பிழை இருந்தால் என் மகள் கேரன் திருத்துவாள். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

என் தொழில் வீடு இடிப்பது. கட்டுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். இடிக்கிறவனுக்கு அதைவிட மூளை வேண்டும். எந்தச் சுவரை முதலில் தொடுவது, எந்த உத்தரத்தைக் கடைசி வரை விட்டுவைப்பது என்று தெரியாதவன் உள்ளே போனால் பிணமாகத்தான் வருவான். கூலியாகச் சேர்ந்து, சொந்தமாக லோரி வாங்கி, பன்னிரண்டு ஆட்களை வைத்து வேலை வாங்கினேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் ஆட்களில் ஒருவனுக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவி கைமாறும் வரை வீட்டில் உள்ளதெல்லாம் வீட்டுக்காரருடையது. கைமாறிவிட்டால், சுவரில் இருக்கும் ஆணி வரை இடிக்கிறவனுடையது. யாரும் இதை எழுதி வைத்ததில்லை. ஆனால் இதில் நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படித்தான் என் வீடு எழுந்தது. அம்பாங்கில் ஈயச் சுரங்கக்காரர் ஒருவரின் பங்களாவிலிருந்து சிவப்புத் தரைக்கல். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு துணிக்கடை மாடியிலிருந்து மரப்பலகை ஜன்னல்கள். எனக்குப் பிடித்தது வந்தது, பிடிக்காதது குப்பைக்குப் போனது. அலுமினியம் எனக்குப் பிடிக்காது. பிளைவுட் பிடிக்காது. பிளாஸ்டிக் கதவு உள்ள வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கனமான கதவு பிடிக்கும். சாத்தும்போது தரை லேசாக அதிர வேண்டும்.

"நம்ம வீட்டுல நாம காசு கொடுத்து வாங்கினது கரண்ட் பில் மட்டும்தான்" என்று என் மனைவி மகதலேனா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு வாய் அதிகம்.

மாலை ஆறு மணிக்குப் பாலில்லாத கோப்பி ஓ கிளாஸோடு உட்கார்ந்து வீட்டைப் பார்ப்பேன். டிவி பார்க்கிறவன் டிவி பார்ப்பான், நான் வீட்டைப் பார்ப்பேன். உள்ளே மகதலேனா ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு வருவாள்.

"சாமிக்கு நன்றி சொன்னீங்களா?"

"சாமிக்கு நீ சொல்லு. நான் வீட்டுக்குச் சொல்லிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்து வளர்ந்தவன் நான். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

வாசல் கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டடி உயரம், செங்கால் என்ற கெட்டி மரம், இரண்டு ஆள் தூக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் பழைய வீட்டில் இருந்தது. அப்பா அரசாங்கக் கிளார்க்காக இருந்து இறந்துபோனார், பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்த வேலையை நான் எடுத்ததே கதவுக்காகத்தான். கீலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டம்மா பூரணம் படியில் வந்து நின்றார். நரைத்த தலை, வெள்ளைச் சேலை, கையில் குடை.

"தம்பி, உந்த வாசல் கதவ மட்டும் எனக்குத் தாங்கோ."

"கதவ வெச்சு என்னம்மா செய்வீங்க? மகன் வீட்டுல கதவு இருக்குமே."

"கலியாணம் முடிச்சு வந்த நாள் தொடக்கம் விடிய எழும்பினா முதல் கை வைக்கிறது இதிலதான். வேற ஒண்டும் வேண்டாம்."

"சாவி கொடுத்தாச்சும்மா. இனி இது எங்க சாமான்."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து மகன் கேதீஸ்வரனோடு கிள்ளானுக்கே வந்தார். கதவை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை மணி நேரம் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். தரைக்கல்லின் கதை, ஜன்னலின் கதை, ஒன்று விடவில்லை. மகதலேனா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். போகும்போது அந்த அம்மா கதவில் உள்ளங்கையை வைத்து, "வடிவா வச்சிருக்கிறீங்கள் தம்பி. நன்றி" என்றார்.

அந்த நன்றியை முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரரே வந்து நன்றி சொன்ன கதவு என்று.

அவர்கள் போன பிறகு மகதலேனா மட்டும், "அவங்க அழுதாங்க, பாத்தீங்களா?" என்றாள்.

"சந்தோசத்துல" என்றேன்.

போன வருஷம் எங்கள் கம்பத்துக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, நோட்டீஸ் வந்தது. பெரிய சாலை போடுகிறார்கள், நாற்பது வீடும் போக வேண்டும். முறைப்படி சொன்னார்கள், அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. எத்தனையோ பேரைக் கிளப்பிய இடத்தில் கடப்பாரையோடு நின்றவன் நான். நோட்டீஸ் எனக்குப் புதிதில்லை.

வாசல் கதவைக் கேரன் வீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள இடம் பேசிவிட்டேன். எங்காவது மாட்டலாம், மாட்ட முடியாவிட்டாலும் போய்ப் பார்க்கலாம்.

"கதவக் கழட்டி வெச்சுட்டு அப்புறம் சாவியக் கொடுங்களேன்" என்றாள் மகதலேனா.

"கதவில்லாத வீட்டுல உன்னப் படுக்க வெக்கணுமா? இடிக்க வர்றவன் நம்ம தொழில்காரன். என் பேரச் சொன்னா அவனே கழட்டி லோரியில ஏத்தி அனுப்புவான்."

"உங்க பேரு அவ்வளவு பெரிசா?"

"நீ கிள்ளான்ல போய்க் கேட்டுப் பாரு."

சமூக மண்டபத்தில் சாவி ஒப்படைக்கும் நாள். நீளக் கை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள். இந்தப் பக்கம் எங்கள் கம்பத்து ஜனம், பேர் கூப்பிட்டால் எழுந்திருக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் அழுதார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எழுந்து நடந்து சாவியை மேஜை மேல் வைத்தேன்.

"இன்னும் பத்து நாள் டைம் இருக்கு அங்கிள்" என்றார் அதிகாரி. "சாமான் எல்லாம் எடுத்துட்டு மெதுவா கொடுங்க."

"ஒரு விஷயத்த ரெண்டு தடவ கேக்க வெக்கற ஆளு நான் இல்ல."

கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பத்தில் முதல் சாவி என்னுடையது. திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களிடம் அந்த வழக்கத்தைச் சொன்னவன், என் விஷயத்தில் அதை நினைக்கவே இல்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். அது மற்றவர்களுக்கு உள்ளது என்று நினைத்தேன்.

கட்டில், அலமாரி, பாத்திரம் எல்லாம் அன்று காலையே அடுக்குமாடிக்குப் போய்விட்டிருந்தன. மூன்றாம் நாள் போனபோது என் வீட்டைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். சாவி வந்த வீட்டை உடனே இடிக்கிறார்களாம். தகர வாசலில் ஹெல்மெட் போட்ட தமிழர் ஒருவர், நாற்பது வயது இருக்கும், கிரிதரன் என்று நெஞ்சில் அட்டை.

"அங்கிள், உள்ள வரக் கூடாது."

"தம்பி, நான் லியனார்ட். லோரி லியனார்ட். கேட்டிருப்பீங்க."

"இல்லையே அங்கிள். சாரி லா."

"அதோ தெரியுதே, அந்த எட்டடிக் கதவு. அத மட்டும் கழட்டிக்கிறேன். அரை மணி நேரம்."

"சாவி கொடுத்துட்டீங்கல்ல? கொடுத்த பிறகு எல்லாம் கம்பெனி சாமான். உங்கள உள்ள விட்டா என் வேல போயிடும்."

நல்ல பிள்ளை, குரலை உயர்த்தவில்லை. நான் பேசியது போலவே மரியாதையாகத்தான் பேசினார்.

"சரி, நீங்க எடுத்துக்கப் போறீங்களா?"

"எத?"

"கதவ."

"அத வெச்சு என்ன செய்யறது அங்கிள்? எல்லாத்தையும் மொத்தமா நொறுக்கி அள்ளிட்டுப் போறதுதான். மரத்தத் தனியாப் பிரிக்க ஆள் கூலி யாரு கொடுப்பா?"

நான் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியதில்லை. பசித்த காலத்திலும் கெஞ்சியதில்லை. அன்று அந்தத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வேற ஒண்ணும் வேணாம் தம்பி என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் தகரத்தை விட்டுவிட்டேன். கிரிதரன் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்து, வெயிலில் நிற்காதீர்கள் என்று சொன்னார்.

மறுநாள் காலை எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நானும் மகதலேனாவும் உட்கார்ந்திருந்தோம். வராதே என்று சொன்னேன், கேட்கவில்லை. எக்ஸ்கவேட்டர் கூரையில் கை வைத்தது. தப்பான பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். நானாக இருந்தால் பின்பக்கம் தொடங்கியிருப்பேன். இதை மகதலேனாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் பதினொரு வருஷம் கட்டிய வீடு. முன்சுவர் விழுந்தபோது கதவு மட்டும் நிலையோடு நின்றது. ஒரு நிமிஷம் தனியாக நின்றது. அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. இரண்டாவது அடியில் நடுவில் பிளந்தது. உள்ளே மரம் சிவப்பாக, நேற்று அறுத்தது போல இருந்தது.

யாராவது திருடிக்கொண்டு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது என்று நினைத்திருப்பேன். நானாவது வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் பூசி வைத்திருந்தேன். இதை என் பக்கத்து நியாயமாகக் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, நம்பர் விசாரித்து வாங்கி, கேதீஸ்வரனுக்கு போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. யாராவது என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. கதவு போய்விட்டது என்றேன்.

"பரவாயில்ல அண்ணே. அம்மாவே போய்ப் பதினஞ்சு வருசமாகுது."

"அன்னைக்கு வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு நன்றி சொன்னாங்க."



"அண்டைக்கு அம்மா பாக்க வரேல்ல அண்ணே. திருப்பிக் கேக்கத்தான் வந்தவ. லோரிக்குக்கூடச் சொல்லி வச்சிருந்தனாங்கள். நீங்க வீடெல்லாம் காட்டி, அக்கா கோப்பியும் தந்த பிறகு எப்பிடிக் கேக்கிறது எண்டு வந்திட்டா."

"நீங்களாவது கேட்டிருக்கலாமே."

"அம்மா வேண்டாம் எண்டிட்டா. இப்ப அதுகள விடுங்கோ. உடம்பு எப்பிடி இருக்கு?"

உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டு மகதலேனாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அன்றே தெரியும்.

இப்போது பதினோராவது மாடியில் இருக்கிறோம். தண்ணீர் வருகிறது, லிப்ட் பெரும்பாலும் ஓடுகிறது. வாசல் கதவு உள்ளே ஒன்றுமில்லாத பிளைவுட், விரலால் தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம். பழைய லியனார்டாக இருந்தால் முதல் நாளே கழற்றி எறிந்திருப்பேன். இப்போது திறக்கிறது, மூடுகிறது. ஆறு மணிக்கு மகதலேனா கோப்பி ஓ கொண்டுவந்து வைக்கிறாள், நான் குடிக்கிறேன். நன்றி சொன்னீர்களா என்று அவள் கேட்பதில்லை. யாரிடம் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. நான் பூரணம் அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய நன்றியை அவர் வாயிலிருந்தே செவிடனாக வாங்கி வைத்துக்கொண்டவன், இனி யாரிடம் போய்ச் சொல்வது.

போன சனிக்கிழமை கேரன் திரைத்துணிக்கு இரண்டு துண்டு கொண்டுவந்தாள்.

"அப்பா, பச்சையா, மஞ்சளா?"

"எதுன்னாலும் சரி."

"பிடிக்கலைன்னா அப்புறம் ஒரு மாசம் திட்டுவீங்க. இப்பவே சொல்லிடுங்க லா."

"திட்ட மாட்டேன்."

கேரன் அம்மாவைப் பார்த்தாள். மகதலேனா அவள் கையிலிருந்து துணிகளை வாங்கி ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

"சரி, பிடிக்காததயாவது சொல்லுங்க. அத விட்டுட்டு மத்தத எடுக்கறோம். உங்களுக்குப் பிடிக்காததுக்கா இந்த உலகத்துல பஞ்சம்?"

நான் இரண்டையும் பார்த்தேன். அவள் கை வலித்து ஒன்றைக் கீழே இறக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கேரன், மஞ்சளே இருக்கட்டும் என்று பச்சைத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலை அளக்க நாற்காலி வேண்டும் என்றாள். நான் எழுந்து கொடுத்தேன்.